எக்செல் கோப்பு மக்கர் செய்கிறதா? அறிகுறியைப் பிடித்துப் பிழைக்குப் போகும் வழி

மூலத் தரவு ஒரு ஷீட்டில், சுத்தம் செய்தது இன்னொன்றில், தரவைத் தொகுத்துக் காட்டும் பிவட் டேபிள் வேறொன்றில், வரைபடங்கள் கடைசியில். கணக்கெடுப்பானாலும் ஆய்வானாலும் மாத அறிக்கையானாலும், எக்செலில் செய்யும் பகுப்பாய்வு முழுவதும் ஒரே கோப்புக்குள் குடியிருக்கிறது. வசதிதான். ஆனால் அந்தக் கோப்பு கெட்டால் மூன்று மாத உழைப்பும் அதோடு போகும். அப்படிக் கெட்ட கோப்புகளை நான் பல வருடங்களாகப் பழுது பார்த்து வருகிறேன். பாதிக்கு மேல் மீட்க முடிந்தவை. மீட்க முடியாமல் போனவை, அறிகுறியைத் தப்பாகப் புரிந்துகொண்டு யாரோ அவசரத்தில் சேமித்துவிட்டவை.

திரையில் கட்டம் போட்ட தாளாகத் தெரிந்தாலும், எக்செல் கோப்பு பல அறைகள் உள்ள ஒரு பெட்டி. எது எந்த அறையில் இருக்கிறது என்று தெரிந்தால் அறிகுறியைப் பார்த்ததுமே எந்த அறையைத் திறக்க வேண்டும் என்று பிடிபட்டுவிடும்.

எதையும் தொடும் முன்

கோப்பை நகலெடுங்கள். இனி சொல்லப்போகும் எல்லாவற்றையும் அந்த நகலில் மட்டும் செய்யுங்கள். மூலத்தை வேறு ஃபோல்டருக்கு மாற்றி 'ரீட் ஒன்லி' ஆக்கிவிடுவது இன்னும் நல்லது.

அப்புறம் நகலின் பெயரில் கடைசியில் இருக்கும் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் என்பதை அழித்து ஜிப் என்று மாற்றுங்கள். விண்டோஸில் அந்தப் பின்னொட்டு தெரியாவிட்டால், ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் 'வியூ' பகுதியில் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதை டிக் செய்துகொள்ளுங்கள். இப்போது இரட்டைச் சொடுக்கு செய்தால் கோப்பு ஒரு சாதாரண ஜிப் போலத் திறக்கும். எக்செல் 2007 முதல் வந்த கோப்புகள் உண்மையில் ஜிப்தான். உள்ளே எக்ஸ்எம்எல் என்ற குறியீட்டு மொழியில் எழுதிய சின்னச் சின்னக் கோப்புகள். இந்த அமைப்பு 2006-இல் எக்மா தரமாகவும் 2008-இல் ஐஎஸ்ஓ தரமாகவும் ஏற்கப்பட்டது (இரண்டும் சர்வதேசத் தர அமைப்புகள்). அதனால் இதில் ரகசியம் எதுவும் இல்லை, நோட்பேடிலேயே படித்துப் பார்க்கலாம்.

'எக்ஸ்எல்' என்ற ஃபோல்டருக்குள் 'ஒர்க்ஷீட்ஸ்' இருக்கும். ஒவ்வொரு ஷீட்டுக்கும் ஒரு கோப்பு. பக்கத்திலேயே 'ஷேர்டுஸ்ட்ரிங்ஸ்' இருக்கும். நீங்கள் தட்டச்சு செய்த சொற்கள் எல்லாம் ஷீட்டில் இல்லை, இங்கேதான் இருக்கின்றன. 'மதுரை' என்ற சொல் பத்தாயிரம் கட்டங்களில் வந்தாலும் இங்கே ஒரே முறைதான் எழுதப்படும். கட்டங்களில் அதன் வரிசை எண் மட்டும் இருக்கும். ஃபார்முலா உள்ள கட்டத்தில் இரண்டு பொருள்கள் உண்டு: ஃபார்முலாவும், கடைசியாகக் கணக்கிட்டபோது கிடைத்த விடையும். தேதி என்று தனியாக ஒன்று கிடையாது. 2024 ஜனவரி 1 என்று நீங்கள் பார்ப்பது உள்ளே 45292 என்ற வெறும் எண். அதற்குத் தேதி வேஷம் போடுவது 'ஸ்டைல்ஸ்' என்ற வேறொரு கோப்பு.

சொல் ஓரிடம், விடை ஓரிடம், தோற்றம் ஓரிடம் என்று இப்படிப் பிரிந்திருப்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் பிழைகளில் பாதி இதிலிருந்தே பிறக்கின்றன.

அறிகுறி: கோப்பு திறக்கவே மாட்டேன் என்கிறது

நகலை நோட்பேடில் திறந்து முதல் இரண்டு எழுத்துகளைப் பாருங்கள். ஆங்கிலத்தில் பி, கே என்று இருந்தால் அது ஜிப் பெட்டிதான். ஜிப் வடிவத்தை உருவாக்கிய ஃபில் காட்ஸின் பெயரின் முதலெழுத்துகள் அவை. அப்படியிருந்தும் திறக்கவில்லை என்றால் கோப்பு பாதியில் அறுபட்டிருக்க வாய்ப்பு அதிகம். ஜிப்பின் பொருளடக்கம் கோப்பின் கடைசியில்தான் எழுதப்படும். பென்டிரைவை அவசரமாகப் பிடுங்கினாலோ, பதிவிறக்கம் நடுவில் நின்றாலோ தரவு பெரும்பாலும் வந்து சேர்ந்திருக்கும், பொருளடக்கம் மட்டும் வந்திருக்காது. அனுப்பியவரிடம் மறுபடி அனுப்பச் சொல்வதே சுலபம். அது முடியாதென்றால் ஜிப்பைப் பழுது பார்க்கும் மென்பொருளில் கொடுத்துப் பாருங்கள், சில ஷீட்டுகளாவது கிடைக்கும்.

முதல் எழுத்து கோண அடைப்புக்குறியாக இருந்தால் அது எக்செல் கோப்பே இல்லை. இணையப் பக்கம் ஒன்றை எக்ஸ்எல்எஸ் என்று பெயர் சூட்டி அனுப்பியிருக்கிறார்கள். பல இணையதளங்களின் 'எக்செலாகப் பதிவிறக்கு' பொத்தான் இதைத்தான் செய்கிறது. வடிவமும் பின்னொட்டும் பொருந்தவில்லை என்று எக்செல் எச்சரிக்கும். நம்பகமான இடத்திலிருந்து வந்ததென்றால் 'யெஸ்' கொடுத்துத் திறந்து, முறையான எக்ஸ்எல்எஸ்எக்ஸாகச் சேமித்துக்கொள்ளுங்கள். எண்கள் மாறிவிட்டனவா என்று மட்டும் கீழே வரும் பகுதியைப் படித்துச் சரிபாருங்கள்.

திறப்பதற்குக் கடவுச்சொல் போட்ட எக்ஸ்எல்எஸ்எக்ஸ் கோப்பும் ஜிப்பாகத் திறக்காது. அது கெட்டுப்போனதாக அர்த்தமில்லை. குறியாக்கம் செய்யும்போது முழுப் பெட்டியையும் வேறு வகை உறைக்குள் வைத்துவிடுகிறார்கள்.

அறிகுறி: 'சில உள்ளடக்கத்தில் சிக்கல், சரிசெய்யட்டுமா' என்று கேட்கிறது

இங்கே பலரும் 'யெஸ்' அழுத்திவிட்டு, அடுத்து வரும் பெட்டியைப் படிக்காமல் மூடிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். எதை நீக்கினேன், எதைச் சரிசெய்தேன், எந்த அறையில் என்று எக்செல் சொல்வது அங்கேதான். 'ஷீட்3-இல் ஃபார்முலா நீக்கப்பட்டது', 'பிவட் டேபிள் நீக்கப்பட்டது' என்ற மாதிரி இருக்கும். அதை ஒரு படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் வரும் ஷீட் எண் திரையில் தெரியும் தாவல்களின் வரிசைப்படிதான் இருக்கும் என்று நம்ப வேண்டாம். ஷீட்டுகளை இடம் மாற்றியிருந்தால் எண் ஒன்று, இடம் வேறு. ஜிப்பைத் திறந்து 'ஒர்க்புக்' கோப்பையும் அதன் தொடர்புக் கோப்பையும் பார்த்தால் எந்த எண் எந்தப் பெயருக்கு உரியது என்று தெரியும்.

சரிசெய்ததை அதே பெயரில் சேமிக்காதீர்கள். புதிய பெயர் கொடுங்கள். எக்செல் நீக்கிய பொருள் பழைய கோப்பின் ஜிப்புக்குள் இன்னும் இருக்கும். ஒரு முறை, நீக்கப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட ஃபார்முலாக்களை ஷீட்டின் எக்ஸ்எம்எல்லில் இருந்து ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதி மீட்டோம். மெனக்கெட்ட வேலைதான், ஆனால் மீட்க முடிந்தது.

கேட்காமலே செயலிழந்து மூடிக்கொள்கிறதா? ஃபைல், ஓப்பன், பிரவுஸ் போய் கோப்பை ஒரு முறை சொடுக்கி, ஓப்பன் பொத்தானின் ஓரத்து அம்புக்குறியில் 'ஓப்பன் அண்ட் ரிப்பேர்' கொடுங்கள். அதுவும் ஆகாவிட்டால் லிப்ரே ஆபிஸ் கால்க்கில் திறந்து பாருங்கள். எக்செல் அடம்பிடித்த கோப்பை அது திறந்து கொடுத்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அறிகுறி: நாலு ஷீட்தான், கோப்போ 80 எம்பி

ஜிப்பைத் திறந்து ஃபோல்டர்களை அளவுப்படி அடுக்குங்கள். எது பெரிதாக இருக்கிறதோ அதுவே காரணம்.

'மீடியா' பெரிதென்றால் ஒட்டிய படங்கள். சுருக்கிவிடுங்கள், அவ்வளவுதான்.

ஒரு ஷீட்டின் கோப்பு மட்டும் பெரிதாக இருந்தால், அந்த ஷீட்டுக்குப் போய் கண்ட்ரோலோடு எண்ட் விசையை அழுத்துங்கள். தரவு 500 வரிசையில் முடிந்திருக்க, கர்சர் எட்டு லட்சமாவது வரிசையில் போய் நின்றால் பிடித்துவிட்டீர்கள். யாரோ அந்த வரிசை வரை வெற்றுக் கட்டங்களுக்கும் நிறமோ கோடோ போட்டிருக்கிறார்கள். வெற்றுக் கட்டமானாலும் அலங்காரம் இருந்தால் அதற்கும் ஒரு பதிவு எழுதப்படும். தரவுக்குக் கீழே உள்ள வரிசைகளை மொத்தமாகத் தேர்ந்து, வலது சொடுக்கில் 'டெலீட்' கொடுத்துச் சேமியுங்கள். விசைப்பலகையின் டெலீட் விசை போதாது, அது உள்ளடக்கத்தை மட்டும்தான் அழிக்கும்.

'மாடல்' என்ற ஃபோல்டர் பெரிதென்றால் அது பெரிய அட்டவணைகளை வைத்து அலசும் எக்செல் வசதியான பவர் பிவட்டின் தரவு மாதிரி (டேட்டா மாடல்). இது தரவை நெடுவரிசை நெடுவரிசையாகச் சுருக்கி வைக்கும். ஒரு நெடுவரிசையில் வேறுபட்ட மதிப்புகள் குறைவாக இருந்தால் நன்றாகச் சுருங்கும், எல்லாமே வேறுவேறாக இருந்தால் சுருங்காது. வினாடி வரை நேரம் பதிந்த தேதி நெடுவரிசைதான் வழக்கமான குற்றவாளி. தேதியை ஒன்றாகவும் நேரத்தை இன்னொன்றாகவும் பிரித்துவிடுங்கள். நேரமே தேவையில்லை என்றால் எடுத்துவிடுங்கள். அளவு கண்முன்னே இறங்கும்.

'பிவட்கேஷ்' பெரிதென்றால் அதற்குத் தனியாகவே ஒரு பகுதி தேவை.

அறிகுறி: அழித்த தரவு பிவட் டேபிளில் இன்னும் தெரிகிறது

பிவட் டேபிள் உங்கள் மூல ஷீட்டை ஒவ்வொரு முறையும் போய்ப் படிப்பதில்லை. உருவாக்கும்போதும் புதுப்பிக்கும்போதும் மூலத் தரவின் முழு நகலை 'பிவட்கேஷ்' அறையில் எடுத்து வைத்துக்கொள்கிறது. அதனால் ஒரே தரவு கோப்பில் இரண்டு முறை இருக்கும். அளவு வீங்குவதற்கு இது ஒரு காரணம்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. மூல ஷீட்டை அழித்துவிட்டு, சுருக்க அட்டவணை மட்டும்தானே என்று பிவட்டை வெளியே அனுப்புகிறவர்கள் ஏராளம். ஓர் அலுவலகத்தில் துறைவாரியான சம்பளச் செலவு அறிக்கை ஒன்று இப்படித்தான் வெளியே போனது. தொகைகள் மட்டும் தெரிந்தன. மொத்தத்தின் மீது நான் இரட்டைச் சொடுக்கு செய்து காட்டியதும் புது ஷீட் ஒன்று திறந்து, ஒவ்வொரு ஊழியரின் பெயரும் சம்பளமும் வங்கிக் கணக்கு எண்ணும் வரிசையாக வந்து நின்றன. அந்த அறையில் இருந்தவர்களின் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. எக்செல் தவறு எதுவும் செய்யவில்லை, தன் அறையில் இருந்ததை எடுத்துக் கொடுத்தது. நோயாளிகள், மாணவர்கள், பயனாளிகள் என்று மனிதர்களின் விவரம் உள்ள எந்தக் கோப்பையும் அனுப்பும் முன் இந்தச் சோதனையைச் செய்யுங்கள்.

வெளியே அனுப்ப வேண்டுமானால் பிவட்டை நகலெடுத்து, புதிய கோப்பில் 'பேஸ்ட் ஸ்பெஷல்' வழியாக மதிப்புகளாக மட்டும் ஒட்டுங்கள். இதைவிடப் பாதுகாப்பான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

அலுவலகத்துக்குள்ளேயே பயன்படுத்தும் கோப்பில் அளவைக் குறைக்க மட்டும் நினைத்தால், பிவட்டில் வலது சொடுக்கி 'பிவட் டேபிள் ஆப்ஷன்ஸ்', 'டேட்டா' போங்கள். 'சேவ் சோர்ஸ் டேட்டா வித் ஃபைல்' டிக்கை எடுத்துவிட்டு, 'ரிஃப்ரெஷ் டேட்டா வென் ஓப்பனிங் த ஃபைல்' டிக்கைப் போடுங்கள். இரண்டாவதை மறந்தால், அடுத்த முறை பிவட்டில் எதையாவது நகர்த்தும்போது அடிப்படைத் தரவு இல்லாமல் சேமிக்கப்பட்டது என்று செய்தி வரும். பயப்பட வேண்டாம், ரிஃப்ரெஷ் கொடுத்தால் சரியாகிவிடும்.

வடிகட்டும் பட்டியலில் மட்டும் பழைய பெயர்கள் தொங்கிக்கொண்டிருந்தால், அதே 'டேட்டா' பக்கத்தில் தக்கவைக்க வேண்டிய உருப்படிகளின் எண்ணிக்கையை 'நன்' என்று மாற்றி ரிஃப்ரெஷ் செய்யுங்கள்.

அறிகுறி: எண்கள் நான் கொடுத்த மாதிரி இல்லை

முன்னால் இருந்த பூஜ்யம் காணோம் என்றால், உதாரணமாக 044 என்பது 44 ஆகிவிட்டால், எக்செல் அதை எண்ணாகச் சேமித்துவிட்டது. எண்ணுக்கு முன்னால் பூஜ்யம் என்ற பொருளே கிடையாது. கோப்பில் அது இல்லவே இல்லை. மூலத்துக்குத் திரும்பிப் போய், அந்த நெடுவரிசையை 'டெக்ஸ்ட்' என்று சொல்லி மறுபடி ஏற்ற வேண்டும்.

12 இலக்க ஆதார் எண் 1.23-க்குப் பக்கத்தில் 'இ+11' என்று தெரிந்தால் பதற வேண்டாம். அது தோற்றம் மட்டும்தான், உள்ளே எல்லா இலக்கமும் பத்திரமாக இருக்கும். ஃபார்மட்டை 'நம்பர்' என்று மாற்றி, தசம இடங்களைப் பூஜ்யமாக்கினால் தெரிந்துவிடும். ஆபத்து எங்கே என்றால், இந்தத் தோற்றத்தோடு சிஎஸ்வியாக, அதாவது காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பாகச் சேமித்தால் எக்செல் உள்ளே இருப்பதை எழுதாது, திரையில் தெரிவதையே எழுதும். கடைசி இலக்கங்கள் அத்தோடு போச்சு.

16 இலக்க எண்களின் கடைசி இலக்கம் எல்லாமே பூஜ்யமாக இருக்கிறதா? எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களை மட்டுமே வைத்துக்கொள்ளும். இதுவும் மீட்க முடியாத இழப்பு. நீளமான கணக்கு எண், அட்டை எண் எல்லாம் கூட்டிக் கழிக்கப்போகிறவை அல்ல. அவற்றை எப்போதுமே எழுத்தாக ஏற்றுங்கள்.

தேதிகளில் ஒரு நல்ல அடையாளம் உண்டு. ஒரே நெடுவரிசையில் சில தேதிகள் வலப்பக்கமும் சில இடப்பக்கமும் ஒட்டியிருந்தால், கணினியின் வட்டார அமைப்பு அமெரிக்க முறையில் இருக்கிறது. 25/03/2024 என்பதில் 25-ஆவது மாதம் என்று ஒன்று இல்லாததால் அது எழுத்தாகவே இடப்பக்கம் நின்றுவிட்டது. 05/03/2024 என்பதோ மார்ச் 5-க்குப் பதில் மே 3 ஆகி, வலப்பக்கம் சாதுவாக உட்கார்ந்திருக்கும். எழுத்தாக நின்றவற்றை 'டெக்ஸ்ட் டு காலம்ஸ்' மூலம் எளிதில் திருத்தலாம். சாதுவாக உட்கார்ந்திருப்பவைதான் உண்மையான ஆபத்து. தனியாகப் பார்த்தால் அவற்றில் குற்றமே தெரியாது. அதனால் பாதியைத் திருத்தாமல் மூலத்திலிருந்து முழுவதையும் நாள்-மாதம்-ஆண்டு என்று சொல்லி மறுபடி ஏற்றுங்கள்.

இந்தத் தானியங்கி மாற்றம் அறிவியலையே படுத்தியிருக்கிறது. எஸ்இபிடி2, எம்ஏஆர்சிஎச்1 போன்ற மரபணுக் குறியீடுகளை எக்செல் செப்டம்பர் 2, மார்ச் 1 என்று தேதிகளாக்கிவிடும். எக்செல் மரபணுப் பட்டியல்களை இணைத்திருந்த ஆய்வுக் கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருப்பதாக 2016-இல் ஜீனோம் பயாலஜி இதழில் வந்த ஆய்வு காட்டியது. கடைசியில் மரபணுக்களுக்குப் பெயரிடும் குழுவே 2020-இல் வழிகாட்டுதலை வெளியிட்டு, அந்த மரபணுக்களின் குறியீடுகளை மாற்றிக்கொண்டது. இந்த மாற்றங்களை நிறுத்தும் வசதி எக்செலில் 2023-இல்தான் வந்தது. ஃபைல், ஆப்ஷன்ஸ், 'டேட்டா' பகுதியில் 'ஆட்டோமேட்டிக் டேட்டா கன்வர்ஷன்' என்று இருக்கும். புதிய பதிப்பு வைத்திருப்பவர்கள் இன்றே போய்ப் பாருங்கள். சிஎஸ்வி கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறக்காமல், 'டேட்டா' தாவலில் 'ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி' வழியாக ஏற்றும் பழக்கம் எந்தப் பதிப்பிலும் உங்களைக் காப்பாற்றும்.

அறிகுறி: தமிழ் எழுத்துகள் சிதைந்துவிட்டன

எப்படிச் சிதைந்திருக்கின்றன என்று நிதானமாகப் பாருங்கள். மூன்று விதம் உண்டு, மூன்றுக்கும் மருந்து வேறு.

தலையில் சாய்கோடு போட்ட ஏ, பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர் என்று திரும்பத் திரும்ப வருகிறதா? தரவு நூறு சதவீதம் நலமாக இருக்கிறது. யூனிகோட் எழுத்துகளைக் கோப்பில் எழுதும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டுகளாக எழுதப்படும். எக்செல் அந்த மூன்றையும் மூன்று ஐரோப்பிய எழுத்துகளாகப் படித்துவிட்டது. சேமிக்காமல் மூடுங்கள். 'ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி' வழியாக ஏற்றி, 'ஃபைல் ஒரிஜின்' பட்டியலில் 65001 என்று தொடங்கும் யூடிஎஃப்-8-ஐத் தேர்ந்தெடுங்கள். பைத்தான் என்ற நிரல்மொழியிலிருந்து நீங்களே எழுதும் சிஎஸ்வி என்றால் குறியாக்கத்தை 'யூடிஎஃப்-8-சிக்' என்று கொடுங்கள். கோப்பின் தொடக்கத்தில் ஓர் அடையாளம் சேரும், அப்புறம் எக்செல் இரட்டைச் சொடுக்கிலும் தமிழைச் சரியாகக் காட்டும்.

வெறும் கேள்விக்குறிகளாக வருகிறதா? வருத்தமான செய்தி. யாரோ எக்செலிலிருந்து சாதாரண சிஎஸ்வியாகச் சேமித்திருக்கிறார்கள். அந்தப் பழைய குறியாக்கத்தில் தமிழுக்கு இடமே இல்லை. ஒவ்வொரு எழுத்துக்கும் பதில் ஒரு கேள்விக்குறி எழுதப்பட்டுவிட்டது, அந்தக் கோப்பில் தமிழ் எங்கும் இல்லை. மூல எக்ஸ்எல்எஸ்எக்ஸைத் தேடிப் பிடித்து, இந்த முறை 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' என்று இருக்கும் தேர்வில் சேமியுங்கள். மேலே சொன்ன ஏ, ஆர் வகையையும் இதையும் ஒன்றென்று நினைத்து, மீட்கக்கூடிய கோப்பைத் தூக்கி எறிந்தவர்கள் உண்டு. வித்தியாசம் பார்க்கப் பத்து வினாடி போதும்.

ஆங்கில எழுத்துகள் தாறுமாறாகக் கலந்து, சொற்களுக்கு நடுவே காற்புள்ளியும் கோடுமாக வருகிறதா? அது பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தது. அங்கே கோப்பில் இருப்பது ஆங்கில எழுத்துகளே. தமிழாகத் தெரிந்தது 'ஸ்டைல்ஸ்' அறையில் எழுதியிருந்த எழுத்துருவின் பெயரால் மட்டும். ஆர், பைத்தான் போன்ற நிரல்மொழிகள் எழுத்துருவைப் பார்ப்பதில்லை, உள்ளே இருப்பதை அப்படியே படிக்கும். எந்த எழுத்துரு என்று முதலில் கண்டுபிடித்து, அதற்கான மாற்றியில் யூனிகோடாக்கிய பிறகே பகுப்பாய்வைத் தொடங்குங்கள்.

தமிழ் சரியாகவே தெரிகிறது, ஆனால் பைத்தானில் ஊர்ப் பெயர்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்றால் ஒகரத்தைச் சந்தேகியுங்கள். 'கொ' என்பதை ஒகரத்துக்கான ஒரே குறியீட்டாலும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாலும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, பைத்தானுக்கு வேறு. யூனிகோட் இயல்பாக்கம் (ஒரே எழுத்தின் வெவ்வேறு குறியீடுகளை ஒன்றாக்குவது) செய்துவிட்டு ஒப்பிடுங்கள்.

அறிகுறி: வரிசைகள் குறைகின்றன

மொத்த எண்ணிக்கையைப் பாருங்கள். 65,536 அல்லது 10,48,576 என்று, தலைப்பு வரிசையைக் கழித்தால் அதில் ஒன்று குறைவாக இருந்தால், தரவு வரம்பில் வெட்டுப்பட்டிருக்கிறது. முதலாவது பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்தின் எல்லை, இரண்டாவது எக்ஸ்எல்எஸ்எக்ஸின் எல்லை. புதிய எக்செலில் திறந்திருந்தாலும் தலைப்புப் பட்டையில் 'கம்பேட்டிபிலிட்டி மோட்' என்று இருக்கும்வரை பழைய எல்லையே செல்லும். ஃபைல், இன்ஃபோ போய் 'கன்வெர்ட்' கொடுங்கள்.

இது சின்ன விஷயமில்லை. 2020 செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பின் அன்றாட அறிக்கைகளில் 15,841 கொரோனா தொற்றாளர்கள் விடுபட்டுப்போனார்கள். ஆய்வக முடிவுகளைச் சேர்த்த இடத்தில் கோப்பின் எல்லையைத் தரவு தாண்டியதே காரணம், பழைய எக்ஸ்எல்எஸ் வடிவமே அங்கே பயன்பட்டது என்று அப்போது செய்திகள் வந்தன. அவர்களோடு தொடர்பில் இருந்தவர்களைத் தேடும் வேலையும் அதனால் தாமதமானது. ஒவ்வொரு ஏற்றத்துக்குப் பிறகும் மூலத்தில் எத்தனை வரிசை, இங்கே எத்தனை வரிசை என்று எண்ணிப் பார்ப்பதை வழக்கமாக்குங்கள்.

பத்து லட்சத்துக்கு மேல் தரவு இருந்தால் ஷீட்டில் கொட்டாமல், 'கெட் டேட்டா' வழியாக இணைப்பு மட்டும் உருவாக்கி, 'ஆட் திஸ் டேட்டா டு த டேட்டா மாடல்' என்பதை டிக் செய்யுங்கள். ஷீட்டின் எல்லை தரவு மாதிரிக்குப் பொருந்தாது.

அறிகுறி: என் கணினியில் ஓடும் பவர் குவெரி அவர்கள் கணினியில் ஓடவில்லை

வெளியிலிருந்து தரவை எடுத்துவந்து சுத்தம் செய்யும் எக்செல் கருவியான பவர் குவெரியில் நீங்கள் செய்த ஒவ்வொரு படியும் எம் என்ற மொழியில் எழுதப்பட்டு, 'கஸ்டம்எக்ஸ்எம்எல்' ஃபோல்டருக்குள் குறியாக்கம் செய்த ஒரு கட்டாகப் போய் உட்காருகிறது. கோப்பு எங்கே போனாலும் படிகள் கூடவே போகும். மூலக் கோப்பு கூடவே போகாது. உங்கள் பெயருள்ள ஃபோல்டரின் முழு முகவரிதான் அந்த முதல் படியில் எழுதியிருக்கும். அவர்கள் கணினியில் அப்படி ஓர் இடமே இல்லை. தரவுதளத்துக்கான கடவுச்சொல்லும் கோப்பில் இருக்காது, அவரவர் கணினியில்தான் இருக்கும்.

'டேட்டா சோர்ஸ் செட்டிங்ஸ்' போய் 'சேஞ்ச் சோர்ஸ்' மூலம் புதிய இடத்தைக் காட்டுங்கள். அடிக்கடி கைமாறும் கோப்பென்றால், முகவரியை ஒரு கட்டத்தில் எழுதிவைத்து குவெரி அதைப் படிக்கும்படி செய்துவிடுங்கள்.

குறிப்பிட்ட நெடுவரிசை கிடைக்கவில்லை என்று பிழை வந்தால், மூலத்தில் யாரோ தலைப்பை மாற்றியிருக்கிறார்கள், ஓர் இடைவெளி கூடியிருந்தாலும் போதும். நீங்கள் கேட்காமலே எக்செல் சேர்த்த 'சேஞ்ச்டு டைப்' என்ற படியில் பழைய தலைப்புகள் அப்படியே பதிந்திருக்கும். அந்தப் படியை நீக்கி, கடைசியில் தேவையான நெடுவரிசைகளுக்கு மட்டும் நீங்களே வகை கொடுங்கள். இன்னொரு காரணமும் உண்டு: அந்த வகை ஊகம் முதல் 200 வரிசைகளைப் பார்த்துச் செய்யப்படுவது. 201-ஆவது வரிசையில் எண்ணுக்குப் பதில் 'இல்லை' என்று எழுதியிருந்தால் அங்கே இடறும்.

அறிகுறி: பைத்தானில் படித்தால் காலி, எழுதினால் மற்றதெல்லாம் காணோம்

படிக்கும்போது காலியாக வருவது ஃபார்முலா கட்டங்களில். ஃபார்முலாவோடு கடைசி விடையும் சேமிக்கப்படும் என்று தொடக்கத்தில் சொன்னேன் அல்லவா, அந்த விடையைக் கணக்கிட்டு எழுதுவது எக்செல். ஓப்பன்பைஎக்செல் போன்ற பைத்தான் நூலகங்கள் ஃபார்முலாவை எழுதும், கணக்கிடாது. அப்படி உருவான கோப்பை எக்செலிலோ லிப்ரே ஆபிஸிலோ ஒரு முறை திறந்து சேமித்தால் விடைகள் நிரம்பிவிடும்.

எழுதும்போது இரண்டு விபத்துகள் நடக்கும். பைத்தானின் தரவு நூலகமான பாண்டாஸில் ஏற்கெனவே உள்ள கோப்பின் பெயரைக் கொடுத்து நேரடியாக எழுதினால் ஷீட் சேராது, முழுக் கோப்பும் புதிதாக மாற்றி எழுதப்படும். 'எக்செல்ரைட்டர்' கருவியை 'ஏ' என்ற சேர்ப்பு முறையில் பயன்படுத்துங்கள். ஆனால் அதுவும் ஓப்பன்பைஎக்செல் வழியாகவே நடக்கிறது. அந்த நூலகம் தனக்குத் தெரிந்த அறைகளை மட்டும் படித்து, அவற்றை மட்டுமே திரும்ப எழுதும். வரைந்த வடிவங்கள், குவெரிகள் எல்லாம் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். அதனால் பிவட்டும் குவெரியும் உள்ள கோப்பில் பைத்தானை எழுத விடாதீர்கள். பைத்தான் தனிக் கோப்பில் எழுதட்டும், எக்செல் அதை பவர் குவெரி மூலம் படிக்கட்டும்.

அறிகுறி: எல்லாத் தேதியும் நான்கு வருடமும் ஒரு நாளும் தள்ளியிருக்கிறது

ஒரு கோப்பு 1900-இலிருந்து நாள் எண்ணுகிறது, மற்றது பழைய மேக் வழக்கப்படி 1904-இலிருந்து எண்ணுகிறது. இடைவெளி 1,462 நாள். இரண்டுக்கும் நடுவே தேதிகளை நகலெடுத்து ஒட்டும்போது எண் மட்டும் போய், தொடக்க நாள் மாறிவிடுகிறது. ஒரு காலிக் கட்டத்தில் 1462 என்று எழுதி நகலெடுத்து, தேதிகளைத் தேர்ந்து, 'பேஸ்ட் ஸ்பெஷல்' பெட்டியில் மதிப்புகளோடு 'ஆட்' அல்லது 'சப்ட்ராக்ட்' கொடுங்கள். ஆப்ஷன்ஸில் இருக்கும் 1904 டிக்கை மாற்றிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், அந்தக் கோப்பில் சரியாக இருந்த தேதிகளும் சேர்ந்து நகரும்.

அறிகுறி: சால்வரில் நேற்று அமைத்ததைக் காணோம், ரிக்ரஷன் விடை மாறவே இல்லை

சிறந்த விடையைத் தேடித் தரும் எக்செல் கருவியான சால்வரின் இலக்குக் கட்டம், மாறும் கட்டங்கள், நிபந்தனைகள் எல்லாம் அந்தந்த ஷீட்டோடு மறைந்த பெயர்களாகச் சேமிக்கப்படும். வேறு ஷீட்டில் நின்றுகொண்டு சால்வரைத் திறந்தால் காலியாகத்தான் தெரியும். சரியான ஷீட்டுக்குப் போய்த் திறந்து பாருங்கள். அங்கேயும் வேறு அமைப்பு இருந்தால் பின்னால் செய்தது முன்னதை மூடிவிட்டது, ஏனெனில் ஒரு ஷீட்டுக்கு ஒரு அமைப்புதான் தானாகச் சேமிக்கப்படும். இரண்டு மூன்று வைத்துக்கொள்ள 'லோட்/சேவ்' பொத்தானில் ஒவ்வொன்றையும் கட்டங்களில் எழுதி வையுங்கள்.

எக்செலின் புள்ளியியல் கூடுதல் கருவியான அனாலிசிஸ் டூல்பேக்கின் ரிக்ரஷன் விடைகள் வெறும் எண்களாக ஒட்டப்பட்டவை, அவற்றின் பின்னால் ஃபார்முலா இல்லை. உள்ளீட்டை மாற்றினால் மறுபடி ஓட்டித்தான் ஆகவேண்டும். எந்த நெடுவரிசைகளைக் கொடுத்து ஓட்டினீர்கள் என்பதும் கோப்பில் எங்கும் பதிவாகாது. விடை அட்டவணைக்கு மேலே ஒரு கட்டத்தில் உள்ளீட்டு வரம்பையும் ஓட்டிய தேதியையும் நீங்களே எழுதிவிடுங்கள்.